தெப்ராவ் நீரிணை: பிரிக்கும் நீரும் இணைக்கும் கரையும்



அண்மையில் ஜொகூர் மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள தோட்டமொன்றிற்கு நாம் சென்றிருந்தோம். மாலை நேரம். தோட்டத்துப் பொதுக்கூடத்தில் ஆண்களும் பெண்களுமாக நாற்பது பேர் அளவில் கூடியிருந்தனர். நமது உரை முடிந்தபின், பால் வெட்டும் தொழிலில் முப்பதாண்டுகளைக் கழித்த பெரியவர் ஒருவர் எழுந்தார். அவருடைய மகனுக்குச் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. ஆனால் அந்த இளைஞரிடம் கடப்பிதழ் இல்லை. கடப்பிதழ் எடுக்க அடையாள அட்டை வேண்டும், அதுவும் இல்லை. அடையாள அட்டை எடுக்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பிள்ளை பிறந்தபோது அதனை யாரும் பதிவு செய்யவில்லை.

“ஐயா, ஜொகூர் பாருவில் கடலோரம் நின்று பார்த்தால், எதிர்க்கரையில் மாடி வீடுகளில் காயப்போட்ட துணிகூடத் தெரிகிறது. இந்தச் சின்னத் தண்ணீரைத் தாண்டுவதற்கா இத்தனை தாள்கள் கேட்கிறார்கள்?” என்று அவர் வினவினார்.

சிலர் சிரித்தனர். ஆயினும் அது சிரித்து ஒதுக்கத்தக்க வினா அன்று. அந்தச் சின்னத் தண்ணீர் எத்தகையது, அது எவ்வாறு இரு நாடுகளின் எல்லையாயிற்று, அதனைக் கடப்பது ஏன் எளிதாகவும் கடினமாகவும் இருக்கிறது என்பனவற்றை முறையாக அறிந்தால்தான் அவ்வினாவிற்கு விடை கூற இயலும். அப்பெரியவரின் வினாவையே இத்திங்களின் பாடமாகக் கொள்வோம்.

நீரிணை என்பது யாது?

இரண்டு பெரிய நிலப்பகுதிகளை இணைக்கும் ஒடுங்கிய நிலத்தைப் பூசந்தி என்கிறோம். நமது தீபகற்பத்தை ஆசியப் பெருநிலத்தோடு இணைக்கும் கிரா பூசந்தி இதற்கு எடுத்துக்காட்டாகும். இதற்கு நேர்மாறாக, இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளை இணைக்கும் ஒடுங்கிய கடலுக்கு நீரிணை என்று பெயர். மலாய் மொழியில் இதனைச் ‘செலாட்’ என்பர். நிலத்தில் நிற்பவனுக்கு நீரிணை பிரிப்பதாகத் தோன்றும். படகில் இருப்பவனுக்கோ அது இணைக்கும் வழியாகத் தோன்றும். நமது மொழி அதற்கு இணைப்பைக் கொண்டே பெயரிட்டிருப்பது கருதத்தக்கது.

ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட நீரிணையே தெப்ராவ் நீரிணையாகும். ஜொகூர் நீரிணை என்றும் இதனை வழங்குவர். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளமுடையது. ஒடுங்கிய இடங்களில் ஒரு கிலோமீட்டர் அளவே அகலமுடையது. மேற்கிலும் கிழக்கிலும் இதன் வாய்கள் சிங்கப்பூர் நீரிணையின் பக்கமாகத் திறக்கின்றன. ஜொகூர் ஆறு, தெப்ராவ் ஆறு, ஸ்கூடாய் ஆறு, பூலாய் ஆறு ஆகியவை வடகரையிலிருந்து இதனுட் கலக்கின்றன. கிழக்குப் பகுதியில் ஊபின் தீவும் தெக்கோங் தீவும் அமைந்துள்ளன.

நிலம் நீரான வரலாறு

இவ்விரு கரைகளும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தன. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் வடபகுதிகளில் நீர் பனிப்பாறைகளாக உறைந்து கிடந்தமையால், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவை அன்று ஒரே நிலப்பரப்பாக விளங்கின. பின்னர்ப் பனி உருகிற்று, கடல் உயர்ந்தது, பள்ளத்தாக்குகளில் உப்புநீர் புகுந்தது. மேட்டு நிலங்கள் தீவுகளாயின. சிங்கப்பூர் அவ்வாறு தீவானது. மழைக்காலத்தில் தோட்டத்தின் பள்ளத்து நிரைகளில் நீர் ஏறி, மேட்டு நிரைகள் தனித்து நிற்பதை நாம் காண்கிறோம் அல்லவா? அதனையே மிகப் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தால் போதும்.

ஆதலால் இந்நீரிணை இயற்கை தந்தது. இதனை நாட்டெல்லையாக ஆக்கியவர் மனிதர்.

கடலின் குறுக்கே ஒரு கல் வரம்பு

1903ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தென்பகுதியிலிருந்து உட்லண்ட்ஸ் கடற்கரை வரை ரயில் ஓடத் தொடங்கிற்று. 1909இல் வடக்கேயிருந்து வந்த ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டிற்று. இடையில் எஞ்சியது இந்த ஒரு கிலோமீட்டர் நீர் மட்டுமே. ரயில் பெட்டிகளை மிதவைக் கப்பல்களில் ஏற்றி அக்கரை சேர்த்தனர். ஆனால் ரப்பர்த் தொழில் பெருகப் பெருகச் சிங்கப்பூர்த் துறைமுகத்திற்குச் செல்லும் சரக்குகளும் பெருகின. மிதவைகளால் ஈடுகொடுக்க இயலவில்லை. நம் பாட்டன்மார் வெட்டிய பால், தகடாகி, மூட்டையாகி, இந்நீரின் கரையில் காத்துக் கிடந்த காலம் அது.

பாலம் கட்டலாமா என்று முதலில் ஆராய்ந்தனர். எஃகுப் பாலத்திற்குச் செலவும் பராமரிப்பும் மிகுதி. கருங்கல்லோ அருகிலேயே கிடைத்தது. எனவே கடலில் கல்லைக் கொட்டிக் கரை எழுப்புவதென முடிவாயிற்று. 1919இல் பணி தொடங்கிற்று. ஊபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் உடைத்த கற்கள் படகுகளில் வந்திறங்கின. 2,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் உழைத்தனர். 1923 செப்டம்பரில் சரக்கு ரயில்களும், அக்டோபரில் பயணிகள் ரயில்களும் ஓடின. 1924 ஜூன் 28ஆம் நாள் அதிகாரபூர்வத் திறப்பு விழா நடைபெற்றது. நீளம் 1,056 மீட்டர். மேலே ரயில் தடங்களும் சாலையும் அமைந்தன. ஜொகூர்ப் பக்கத்தில் சிறு கப்பல்கள் புகுந்து செல்ல மதகுடன் கூடிய ஒரு கால்வாயும், அதன்மேல் தூக்கித் திறக்கும் பாலமும் இருந்தன.

நாம் பேச்சுவழக்கில் இதனைப் ‘பாலம்’ என்கிறோம். உண்மையில் இது பாலம் அன்று. பாலத்தின் அடியில் நீர் ஓடும்; இதன் அடியில் நீர் ஓடாது. மலாய் மொழியில் இதனைத் ‘தம்பாக்’, அதாவது நிரப்பி உயர்த்திய கரை என்று சரியாகவே அழைக்கின்றனர்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தோட்டத்து வாய்க்காலின் குறுக்கே மண்ணைக் கொட்டி லாரிப் பாதை போட்டு, அடியில் குழாய் வைக்க மறந்துவிட்டால் என்ன நிகழும்? இருபக்கமும் நீர் தேங்கும்; இலையும் சேறும் படியும்; கொசு பெருகும். கடலிலும் அதுவே நிகழ்ந்தது. முன்பு ஏற்றவற்றத்தின்போது நீர் ஒரு வாயில் புகுந்து மறுவாயில் வெளியேறி நீரிணையைக் கழுவிச் சென்றது. கரை எழுந்தபின் நீரிணை இரண்டு நீண்ட குடாக்களாகப் பிரிந்தது. இங்கு நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. பெருக்கு நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் 3 மீட்டர் அளவு வேறுபாடு உண்டு. ஆயினும் கல் வரம்பை நெருங்கிய இடங்களில் நீரோட்டம் தளர்ந்தே இருக்கும். அங்கு விழும் அழுக்கு எளிதில் அகலாது. இதனை மனத்திற் கொள்க, பின்னர் பயன்படும்.

போர் வந்தபோது

1942 ஜனவரி 31ஆம் நாள், தீபகற்பத்திலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் கூட்டுப் படையினர் இக்கரையைக் கடந்து சிங்கப்பூருக்குள் சென்றனர். கடைசிப் படை கடந்தவுடன் கரையின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். மதகும் சிதைந்தது. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு நீர் கொண்டு சென்ற குழாயும் அறுந்தது. பகைவனைத் தடுக்கச் செய்த செயல், தம் குடிநீர் வழியையும் துண்டித்தது.

ஆயினும் தடை நிலைக்கவில்லை. பிப்ரவரி 8ஆம் நாள் இரவில், ஜப்பானியப் படையினர் சிறு படகுகளில் நீரிணையின் மேற்குப் பகுதியைக் கடந்து தீவின் வடமேற்குக் கரையில் இறங்கினர். ஒரு வாரத்தில், பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்த ஆட்சிக் காலத்தில்தான் நம் தோட்டப்புறத் தமிழர் பல்லாயிரவர் சயாம்-பர்மா ரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திரும்பவில்லை. உங்கள் லயங்களில் இன்றும் அவ்வாறு பாட்டனை இழந்த குடும்பங்கள் இருக்கக்கூடும். ஒரு கிலோமீட்டர் நீரில் நிகழ்ந்த ஒன்று, தொலைவிலுள்ள தோட்டத்தின் அடுப்பங்கரை வரை எட்டியது.

நீருக்குள் வரைந்த எல்லை

நிலத்தில் எல்லைக்கல் நடலாம். நீரில் எவ்வாறு நடுவது? 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, சிங்கப்பூர்த் தீவோடு அதனைச் சுற்றிப் பத்து மைல் வரையிலான கடலும் சிறு தீவுகளும் பிரிட்டிஷாருக்கு அளிக்கப்பட்டன. ஜொகூரின் வாசற்படி நீரும் அதனுள் அடங்கிவிட்டது. 1927ஆம் ஆண்டு மற்றோர் உடன்படிக்கை வழி அந்நீரின் ஒரு பகுதி ஜொகூருக்கே திருப்பித் தரப்பட்டது. ஆழமான நீர்வழியின் நடுக்கோடே எல்லை என்று கொள்ளப்பட்டது. அக்கோட்டினைத் துல்லியமாக வரையறுக்கும் ஒப்பந்தத்தில் மலேசியாவும் சிங்கப்பூரும் 1995ஆம் ஆண்டு கையொப்பமிட்டன.

1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானது. அதுவரை ஒரு நாட்டின் இரு பகுதிகளுக்கு இடையில் ஓடிய நீர், இரு நாடுகளுக்கு இடையில் ஓடும் நீராயிற்று. 1967ஆம் ஆண்டு முதல் கடப்பிதழ்ச் சோதனை நடைமுறைக்கு வந்தது. இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லுபடியான நிலை 1973ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. நம் மூத்தோர் பலர் கையை வீசிக்கொண்டு சென்றுவந்த வழி, இவ்வாறு படிப்படியாகத் தாள் கேட்கும் வழியாயிற்று.

அண்டை நாடுகளிடையே பிணக்குகள் எழுவது இயல்பு. தெக்கோங் தீவிலும் துவாசிலும் சிங்கப்பூர் கடலைத் தூர்த்து நிலம் சேர்த்தது நீரிணைக்கு ஊறு செய்யும் என மலேசியா 2003ஆம் ஆண்டு அனைத்துலகக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தை நாடிற்று. தீர்ப்பாயம் இரு நாடுகளும் ஒத்துழைத்து ஆய்வு நடத்துமாறு பணித்தது. 2005 ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டு வழக்கு முடிவுற்றது. பழைய கரைக்குப் பதிலாகப் புதிய பாலம் கட்டும் திட்டம் ஒன்று எழுந்து, 2006இல் மலேசியாவால் கைவிடப்பட்டது. வாய்ச்சண்டை வளர்த்துத் தீராதது, ஆய்வாலும் சட்டத்தாலும் தீர்வதுண்டு.

நீரிணையைக் கடக்கும் நீர்

உப்புநீரின் மேலே நன்னீர் செல்வது இவ்வழியின் மற்றொரு சிறப்பாகும். 1927ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி பூலாய் மலைப் பகுதியின் நீர் சிங்கப்பூருக்குச் சென்றது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை, அதாவது 113 கோடி லிட்டருக்கு மேல், நீர் எடுக்க வழிசெய்தது. அது 2061ஆம் ஆண்டு வரை நீடிக்கும். ஆயிரம் காலன் பச்சைநீருக்கு 3 காசு. சிங்கப்பூர் தூய்மைப்படுத்தி ஜொகூருக்குத் திருப்பி விற்கும் நீருக்கு ஆயிரம் காலனுக்கு 50 காசு. இவ்விலை குறித்து இரு அரசாங்கங்களுக்கும் இடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்து வந்துள்ளது. எவ்வாறாயினும், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் மழை பொய்த்தால் இரு நாட்டுக் குழாய்களும் மெலியும் என்பது உறுதி.

நீரிணையை நம்பி வாழ்வோர்

எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்னரே இந்நீரில் வாழ்ந்தவர் செலித்தார் மக்கள். பூர்வகுடியினராகிய இவர்கள் படகையே வீடாகக் கொண்டு, இரு கரைச் சதுப்புக் காடுகளிலும் மீனும் நண்டும் பிடித்துத் திரிந்தனர். இன்று இவர்களின் சிற்றூர்கள் ஜொகூர்க் கரையில் உள்ளன. இவர்களும் மற்ற மீனவரும், பச்சைச் சிப்பி வளர்ப்போரும், மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்ப்போரும் இந்நீரின் தூய்மையை நம்பி வாழ்கின்றனர். மேற்கு வாயிலை ஒட்டியுள்ள பூலாய் ஆற்றுக் கழிமுகம், தஞ்சோங் பியாய், குக்குப் தீவு ஆகியவை 2003ஆம் ஆண்டு முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாகப் பட்டியலிடப்பட்டுள்ளன.

தேங்கும் நீரில் அழுக்கு அகலாது என்று முன்னர்க் கூறினோம். 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிழக்குப் பகுதியில் நுண்பாசி மிதமிஞ்சிப் பெருகியதால் கூண்டு மீன்கள் பெருமளவில் மடிந்தன. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அந்நச்சுக் காற்றால் பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் நலிவுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆறும் இந்நீரிணையின் பக்கமே ஓடுகிறது. தோட்டத்து வாய்க்காலில் களைக்கொல்லி டப்பாவைக் கழுவும் நண்பரே, அந்த வாய்க்கால் ஓர் ஆற்றில் விழும். அந்த ஆறு ஏதோ ஒரு மீனவரின் வலையில் முடியும்.

கரை மூடியபோது

1998ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்கே துவாசையும் தஞ்சோங் கூப்பாங்கையும் இணைக்கும் இரண்டாம் பாலம் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது. தூண்கள்மேல் அமைந்த இதன் அடியில் நீர் தடையின்றி ஓடுகிறது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வடக்கு நிலையம் வரையிலான 4 கிலோமீட்டர் விரைவு ரயில் தடத்திற்கும் பாலமே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் இரு பகுதிகளும் 2024 ஜனவரியில் நீரின்மேல் ஒன்று சேர்ந்தன. நூறாண்டுப் பட்டறிவு கற்பித்த பாடம் இதுவாகும்.

பழைய கரையை நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேர் அளவில் கடக்கின்றனர். அவர்களுள் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலர். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகின்றனர். நாம் பெரட்டுக்கு எழுந்த அதே நேரத்தில் நம் பிள்ளைகள் எல்லைக்கு எழுகின்றனர்.

2020 மார்ச் 18ஆம் நாள், கொள்ளை நோய் காரணமாக இவ்வழி மூடப்பட்டது. இரண்டு மூன்று வாரங்கள்தாம் என்று எண்ணி, மாற்றுடை இரண்டுடன் அக்கரை சென்றோர் பல்லாயிரவர். 2021 நவம்பர் 29ஆம் நாள் தடுப்பூசி பெற்றோர்க்கு மட்டும் பேருந்துவழிப் பயணம் தொடங்கிற்று. முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாளில்தான். தாயின் இறுதிச் சடங்கைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்த மகன்களை நாம் அறிவோம். துணி காயும் மாடி தெரிகின்ற தொலைவுதான். ஆயினும் கடக்க இயலவில்லை.

பெரியவரின் வினாவிற்கு விடை

இப்பொழுது விடை கூறலாம். நீர் சின்னது, ஆனால் அதன் நடுக்கோட்டில் ஒரு நாட்டின் சட்டம் முடிந்து மற்றொரு நாட்டின் சட்டம் தொடங்குகிறது. அக்கோட்டைக் கடக்கும்போது, ‘இவர் எம்மவர்’ என்று நம் நாடு அளிக்கும் சான்றே கடப்பிதழ். அந்தச் சான்றுக்கு வேர், பிறந்தபோது பெற்ற ஒரு தாள்.

ஆகவே நண்பர்களே, பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளுங்கள். பிள்ளை பிறந்தால் காலம் தாழ்த்தாமல் தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்யுங்கள். தவறிப்போனவர்கள் மனந்தளராமல் தாமதப் பதிவிற்கு மனுச் செய்யுங்கள். மருத்துவமனைச் சீட்டு, பெற்றோரின் திருமணப் பத்திரம், பள்ளிப் பதிவு என எது இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். சிவப்பு அடையாள அட்டை உடையவர் நிரந்தரவாசியே ஆவார். மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. குடியுரிமைக்கு உரிய தகுதி இருப்பின் மனுச் செய்யத் தயங்காதீர்கள். அக்கரையில் வேலை செய்ய வேலை அனுமதி முன்னதாகவே வேண்டும். சுற்றுப்பயணியாக நுழைந்து வேலை செய்வது குற்றமாகும். ‘தாள் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள்.

அப்பெரியவர் நமது உரைக்குப்பின் தம் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். மகன் பிறந்த மருத்துவமனையின் பழுத்த சீட்டு ஒன்று, அடியில் மடிந்து கிடந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதன் மதிப்பை யாரும் அவருக்கு எடுத்துரைக்கவில்லை. அது அவருடைய குற்றம் மட்டும் அன்று. எடுத்துரைக்க வேண்டியவர்களாகிய நம்மைப் போன்றோரின் குற்றமுமாகும். மனு இப்பொழுது செய்யப்பட்டிருக்கிறது. முடிவிற்குக் காலம் பிடிக்கும். சிங்கப்பூர் வேலை அதுவரை காத்திருக்காது என்பதை அவரும் அறிவார். “இவனுக்கு இல்லாவிட்டாலும் இவன் பிள்ளைக்காவது ஆகட்டும், ஐயா” என்றார்.

உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியையும் இன்றிரவே ஒருமுறை திறந்து பாருங்கள்.

மாலை வகுப்பிற்குரிய வினாக்கள்

1. நீரிணைக்கும் பூசந்திக்கும் உள்ள வேறுபாடு யாது? ஒவ்வொன்றிற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்க் கரையைப் பாலம் என்று கூறுவது ஏன் பொருந்தாது?
3. அக்கரை எழுந்தபின் நீரிணையின் நீரோட்டம் எவ்வாறு மாறிற்று? தோட்டத்து வாய்க்காலோடு ஒப்பிட்டு விளக்குக.
4. நீரின்மேல் எல்லை வகுக்க எந்தக் கோட்டை அடிப்படையாகக் கொண்டனர்?
5. உங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் உள்ளனவா? இல்லாதோர் பெயரை எழுதுக. அடுத்து யாது செய்வீர்கள்?